மர வெந்நீர்த் தொட்டி: வீடு திருத்தும்போது எதை முதலில் முடிவு செய்வது?

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு திருத்துகிற நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குளியலறை, மின்பலகை, டெக் (வீட்டுக்குப் பின்னால் அமைக்கும் மரத்தளம்) எல்லாம் புதிதாகச் செய்யும்போது, பின்வளவில் சீடார் மரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டியும் வைத்துக்கொள்ளலாமா என்பதே அது. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நீண்ட பனிக்காலத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அது வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலானோர் வேலை முடியும் தறுவாயில்தான் இதைக் கேட்கிறார்கள். டெக் போட்டாகிவிட்டது, மின்பலகை மாற்றியாகிவிட்டது, புல் விரித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தொட்டிக்கு இடம் தேடினால், செய்ததில் ஒரு பகுதியை உடைக்காமல் முடியாது. தொட்டியைக் கடைசியில் வாங்கலாம். அதற்கான முடிவை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

இந்தத் தொட்டி எப்படி நீரைத் தாங்குகிறது என்று தெரிந்தால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும். அக்ரிலிக் தொட்டி ஒரே வார்ப்பு. மரத்தொட்டியோ பீப்பாயைப் போலப் பலகை பலகையாகச் சேர்த்தது. நிமிர்ந்து நிற்கும் பக்கப் பலகைகளின் அடியில் உட்புறமாக ஒரு காடி (பலகையில் வெட்டிய நீண்ட பள்ளம்) இருக்கும். அடிப்பலகைகளின் விளிம்பு அந்தக் காடிக்குள் இறுகி உட்காரும். வெளியே இரண்டு மூன்று உலோக வளையங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கின்றன. நல்ல தொட்டியில் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. நீர் ஊற்றியதும் மரம் ஊதுகிறது, வளையம் அதை வெளியே விரியவிடாமல் தடுக்கிறது, பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. கரையில் நெடுநாள் கிடந்த மரப்படகைக் கடலில் இறக்கினால் முதலில் நீர் கசிந்து, பலகை ஊதிய பின் கசிவு அடங்குவதும் இதே முறையில்தான். ஆகவே ஈரம் இருக்கும்வரைதான் இது தொட்டி. காய்ந்துவிட்டால் வெறும் பலகைக் கட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் தேவைப்படும்.

கனடாவில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரக் காடுகளில் வளரும் செஞ்சீடார். எடை குறைந்த மரம். அதன் நடுமரத்தில் இயற்கையாகவே உள்ள சில வேதிப்பொருள்கள் பூஞ்சையை அண்டவிடாமல் தடுப்பதால் எளிதில் உக்காது. கலிபோர்னியாவில் 1960களில் பழைய வைன் தொட்டிகளை வெந்நீர்த் தொட்டியாக மாற்றிக்கொண்டவர்களுக்கு அங்கே விளையும் ரெட்வூட் கைகொடுத்தது. ஜப்பானியர் தங்கள் குளியல் தொட்டிக்கு ஹினோக்கி மரத்தை உயர்வாகக் கருதுகிறார்கள். எந்த மரமானாலும் நீங்கள் பார்க்க வேண்டியது வைரத்தை (மரத்தின் நடுப்பகுதி). வெளிறு (பட்டையை அடுத்துள்ள வெளுத்த பகுதி) கலந்த பலகை விலை குறைவு, ஆனால் அந்த வெளுத்த கோட்டிலிருந்துதான் உக்கல் தொடங்கும். பலகையில் கணு இருக்கக் கூடாது. கணுவைச் சுற்றி மரம் ஒரே சீராக ஊதாது, நீர் அங்கே வழி கண்டுபிடிக்கும். வளையம் துருப்பிடிக்காத எஃகில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இருக்கட்டும்.

இனிப் பாரம். வீட்டுக்காரரும் சில ஒப்பந்தகாரரும் மிகக் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். 6 அடி விட்டம், 4 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் ஆழத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லீற்றர் பிடிக்கும். நீர் மட்டுமே 2,200 கிலோ. நனைந்த மரம் ஏறத்தாழ 200 கிலோ, உள்ளே ஐந்து பேர் இருந்தால் இன்னும் 350 கிலோ. மொத்தம் 2,700 கிலோவைத் தாண்டுகிறது. தொட்டி நிற்கும் பரப்போடு வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீற்றருக்கு 1,000 கிலோவுக்கு மேல். கனடாவின் தேசியக் கட்டட விதிக்கோவை சாதாரண வீட்டுத் தளத்துக்குக் கேட்கும் தாங்குதிறன் 1.9 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீற்றருக்கு 200 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. சாதாரண டெக்கையும் ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான் கட்டுகிறார்கள். தொட்டி கேட்பதோ ஐந்து மடங்கு. "நல்ல பலமான டெக், இருபது பேர் நின்று பார்பிக்யூ போட்டோம்" என்று சொல்வது இதற்குப் பதிலாகாது. இருபது பேர் டெக் முழுவதும் பரவி நிற்பார்கள், சில மணி நேரத்தில் போய்விடுவார்கள். தொட்டி ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும்.

எனவே என் ஆலோசனை உறுதியானது. தொட்டியை டெக்கின் மேல் ஏற்றாதீர்கள். நிலத்தில் தனியாக ஒரு கொங்கிறீற் தளம் போட்டு அதன்மேல் தொட்டியை வையுங்கள், டெக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். பார்வைக்குத் தொட்டி டெக்கில் அமர்ந்திருப்பதுபோலவே இருக்கும், பாரம் முழுவதும் நிலத்துக்கு இறங்கும். மேல்மண்ணை அகற்றி, உடைகல் பரப்பி, இயந்திரத்தால் நன்கு இறுக்கி, அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. தடிப்பில் கம்பி வைத்த கொங்கிறீற் இடுவது வழக்கம். உடைகல் படுக்கையைச் சிக்கனம் என்று தவிர்க்க வேண்டாம். தளத்துக்கு அடியில் நீர் தேங்கினால் பனிக்காலத்தில் அது உறைந்து தளத்தை ஒரு பக்கமாகத் தூக்கும். சரிந்த தொட்டியில் ஒரு பக்கப் பலகைகளுக்கு மட்டும் அழுத்தம் கூடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டெக்கின் தூண்களுக்கு ரொறன்ரோப் பகுதியில் உறைநிலை ஆழத்துக்குக் கீழே, ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழத்தில் அத்திவாரம் போடுவார்கள். தொட்டியின் தளமோ நிலத்தின் மேற்பரப்பிலேயே கிடக்கிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஒரே அளவு அசையாது. ஆகையால் டெக்கின் பலகை தொட்டியைத் தொடாதபடி சுற்றிலும் சில செ.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். வளையத்தை இறுக்கவும் அடிப்பகுதியைப் பார்க்கவும் ஆள் கையை உள்ளே விடக்கூடிய அளவில் ஒரு பக்கத்தில் திறந்து மூடும் பலகைக் கதவும் வேண்டும். இதை மறந்து கட்டிய டெக்கில், ஒரு வளையத்தை இறுக்குவதற்கு முழு டெக்கையும் கழற்ற வேண்டி வரும்.

தொட்டியைத் தளத்தின்மேல் நேரே வைப்பதில்லை. அடிப்பலகைக்குக் குறுக்காகத் தாங்குசட்டங்கள் வரும். பாரம் முழுவதும் அடிப்பலகை வழியாக அந்தச் சட்டங்களுக்குத்தான் இறங்க வேண்டும். பக்கப் பலகைகளின் நுனி தரையைத் தொடவே கூடாது. தொட்டால் பாரம் காடியின் மெல்லிய உதட்டில் விழுந்து அது பிளக்கும். நுனியும் ஈரத்தை உறிஞ்சி உக்கும். பொருத்தி முடிந்ததும் குனிந்து, ஒரு மெல்லிய அட்டையை நுனிக்கு அடியில் சுற்றிலும் விட்டுப் பாருங்கள். எங்காவது தடைப்பட்டால் நீர் நிரப்பவிட வேண்டாம்.

பேஸ்மென்டில் (நிலக்கீழ்த் தளம்) வைக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். மரத்தொட்டி பலகைகளாகப் பிரித்து வருவதால் குறுகிய படியிலும் இறக்க முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் ஆசையும் வருகிறது. ஆனால் 40 பாகை நீர் 2,000 லீற்றர் அளவில் மூடிய அறைக்குள் நின்றால் ஆவி எங்கே போகும்? குளிர்ந்த வெளிச்சுவரைத் தொட்டு நீராகி, ஜிப்சம் பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். தனி ஆவித்தடுப்புப் படலம், வெளியே தள்ளும் காற்றோட்டம், தரை வடிகால், மரத்தொட்டிக்கே உரிய கசிவுக்கு ஏற்ற தரை எல்லாம் செய்தால் முடியும். அந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பின்வளவுக்கே திரும்புகிறார்கள். பேஸ்மென்டில் வாடகைக்குக் குடும்பம் இருக்கும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை.

அடுத்தது மின்சாரம். மின்சார ஹீற்றருக்கு வழக்கமாக 240 வோல்ற், 50 அம்பியரில் தனி இணைப்பு கேட்பார்கள். பழைய வீடுகளில் முழு வீட்டுக்குமே 100 அம்பியர்தான் வருகிறது. அடுப்பு, உடுப்பு உலர்த்தி, குளிரூட்டி, மின்காருக்கான இணைப்பு எல்லாவற்றுடனும் இதையும் சேர்த்துத் தேவையைக் கணக்கிட்ட பிறகே மின்பலகையை மாற்ற வேண்டும். மாற்றிய பின் கணக்கிட்டால் இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள். ஒன்ராறியோவில் கூலிக்கு மின்வேலை செய்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரராக இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை பற்றி மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு (ஈ.எஸ்.ஏ.) அறிவித்துப் பரிசோதனையும் பெற வேண்டும். ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) கட்டாயம். தெரிந்த தம்பி ஒருவர் வார இறுதியில் வந்து மலிவாக இழுத்துத் தருவார் என்ற ஏற்பாடு வேறு எதற்கும் சரியாக இருக்கலாம், மனிதர் நனைந்து உட்காரும் தொட்டிக்குச் சரியல்ல. நிலத்துக்கடியில் கம்பி கொண்டுபோகக் குழி வெட்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குத் தெரிவித்தால், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். குழி வெட்டும் அந்த நாளிலேயே எதிர்காலத் தேவைக்கு ஒரு வெறுங்குழாயையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள்.

விறகு எரித்துச் சூடாக்கும் தொட்டியும் உண்டு. 2,200 லீற்றர் நீரை 10 பாகையிலிருந்து 40 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 77 கிலோவாற் மணி சக்தி வேண்டும். 5.5 கிலோவாற் ஹீற்றருக்கு அது குறைந்தது 14 மணி நேர வேலை. விறகடுப்பு மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடும். கோட்டேஜில் (ஊருக்கு வெளியே உள்ள விடுமுறை வீடு) அது நல்ல தெரிவு. வீடுகள் நெருங்கிய நகரத் தெருவில் புகை, தீப்பொறி, தீயணைப்புத் துறையின் விதி எல்லாம் குறுக்கே நிற்கும், முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அலுமினிய அடுப்பை, அது முழுவதும் நீரில் மூழ்குமுன் ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. சுற்றியுள்ள நீர்தான் அதை உருகாமல் காக்கிறது.

அனுமதி விடயத்தில் நகரசபைக்கு நகரசபை விதி மாறும். ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 செ.மீ.க்கு மேல் உயர்ந்த டெக்குக்குப் பெர்மிட் (கட்டட அனுமதி) வேண்டும். தொட்டிக்குப் பூட்டக்கூடிய உறுதியான மூடி போதுமா, அல்லது வேலியும் வேண்டுமா என்பதையும் உங்கள் நகரசபையிடம் கேளுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இவை அரைநாள் வேலை, தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

பலகைகள் வந்து இறங்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒப்பந்தகாரர் தொட்டியைப் பொருத்திவிட்டு, மின்னிணைப்பு வரும்வரை வெயிலில் வெறுமையாக விட்டுவிடுவது உண்டு. மரத்தொட்டிக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. ஒரு வாரக் கோடை வெயிலில் பலகை சுருங்கி, வளையம் தளர்ந்து, அடிப்பலகை காடியிலிருந்து நழுவவும் கூடும். தளம், நீர்க்குழாய், மின்சாரம் மூன்றும் ஆயத்தமான பிறகே பொதியைப் பிரியுங்கள். அதுவரை நிழலில், தரையில் படாமல், காற்றோட்டமாக அடுக்கி மூடி வையுங்கள். பொருத்திய அன்றே நீர் நிரப்புங்கள்.

நிரப்பியதும் ஒழுகும். முதல் நாளில் பல மூட்டுகளில் சொட்டும், சில இடங்களில் நூல்போல வழியும். வீட்டார் பயந்து ஒப்பந்தகாரரைக் கூப்பிடுவது இந்த நேரத்தில்தான். பயப்பட வேண்டாம். மரம் நீர் குடிக்க நேரம் கேட்கிறது. நீர்மட்டம் இறங்கினால் மேலும் ஊற்றி, மேல்விளிம்பு வரை நனைந்திருக்கும்படி வைத்திருங்கள். சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நிற்கும். ஒரு வாரம் வரை அங்குமிங்கும் ஈரம் தெரிவதும் இயல்பே. விரல் தடிப்பில் நீர் பாய்ந்தால் மட்டும் அது பொருத்தியதில் வந்த பிழை, உடனே நீரை இறக்கிப் பலகையைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழிந்தும் ஒரே இடத்தில் சொட்டு நிற்கவில்லையானால் அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். பக்க மூட்டில் என்றால் அதற்கு நேரான வளையத்தை ஒரு கால் திருகு இறுக்கி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அடியில் காடியோரமாக என்றால் பலகை வெடித்திருக்கலாம், தயாரித்தவரைக் கூப்பிடுங்கள்.

கசிவைக் கண்டதும் வளையத்தைத் தன் பலம் முழுவதும் கொடுத்து இறுக்குவது பெரும் பிழை. மரம் இனிமேல்தான் ஊதப்போகிறது. ஊதும்போது போக இடமில்லாமல் வளையம் பலகைக்குள் வெட்டும், அல்லது அடிப்பலகை மேலே வளையும். சிலிக்கோன் பசை பூசுவது இன்னொரு தவறு. பசை புகுந்த மூட்டில் மரமும் மரமும் நேரே நெருங்க முடியாது. அடுத்த ஆண்டு பசை உரியும், கசிவு திரும்பும், அப்போது அதைச் சுரண்டி எடுப்பது புதுத் தொட்டி செய்வதைவிடக் கடினம். உட்புறம் வார்னிஷ், எபொக்சி, பெயின்ற் எதுவும் வேண்டாம். மரம் நீர் குடிப்பதை அவை தடுக்கும், சூட்டில் உரிந்து மிதக்கும். மரத்தூளையோ தவிட்டையோ நீரில் போட்டால் அது இடைவெளியில் போய் அடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அடைப்பது வடிகட்டியையும் பம்பையும்தான்.

முதல் நீர் தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்தும் கலங்க வேண்டாம். அது அழுக்கல்ல, புதுச் சீடாரிலிருந்து இறங்கும் சாயம். சில நாளில் நீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று மாற்றங்களில் நிறம் தெளியும். வெளியேற்றும்போது கவனம் வேண்டும். தெருவோர மழைநீர் வடிகாலில் போவது சுத்திகரிப்பு ஏதுமின்றி ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. குளோரின் கலந்த வெந்நீர் மீனைக் கொல்லும். வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுவதற்கான வழியைத் திருத்த வேலையின்போதே குழாய் வேலை செய்பவரிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள்.

நீரின் சுத்தம் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். "இயற்கை மரம்தானே, மருந்து ஏன்?" என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சீடாரின் வேதிப்பொருள் அந்த மரத்தை உக்கலிலிருந்து காக்கிறது. நீரில் மிதக்கும் கிருமியை அது கொல்லாது. மாறாக, மரத்தின் நுண்ணிய துளைகளில் கிருமி ஒளிய இடம் உண்டு, ஆகவே அக்ரிலிக்கைவிட இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். மருந்து குறைந்த வெதுவெதுப்பான நீரில் சூடோமோனாஸ் என்ற கிருமி பெருகி, குளித்தவரின் உடலில், குறிப்பாகக் குளியலுடை ஒட்டியிருந்த இடங்களில், அரிப்புள்ள சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும். இன்னும் ஆபத்தானது லெஜியோனெல்லா. நீராவியோடு மூச்சில் ஏறி நுரையீரலைத் தாக்கும் கிருமி அது. முதியவருக்கும் புகைபிடிப்பவருக்கும் உயிராபத்து. வேப்பிலை, மஞ்சள், கல்லுப்பு போன்றவற்றைப் போட்டால் போதும் என்று நம்மில் சிலர் நம்புகிறோம். அவற்றை அவற்றுக்குரிய இடத்தில் மதிப்போம். இந்த அளவு சுடுநீரில் அவை கிருமிநாசினியாக வேலை செய்யா, மஞ்சள் மரத்தைக் கறைப்படுத்தும், இலை பம்பை அடைக்கும்.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் (சி.டி.சி.) வெந்நீர்த் தொட்டிக்குச் சொல்லும் அளவு இதுதான்: குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 3 பங்கு), அல்லது புரோமின் 4 முதல் 8 பிபிஎம், பிஎச் (நீரின் அமில காரச் சமநிலை) 7.0 முதல் 7.8 வரை. சோதனைத் தாளை நனைத்தால் அரை நிமிடத்தில் தெரியும். இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். அளவுக்கு மேல் போடுவதும் நல்லதல்ல. மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளைக் குளோரின் கரைத்துவிடும், உட்புறம் பஞ்சுபோல் வெளுத்து எழும்பும். அப்படித் தெரிந்தால் மருந்து கூடிவிட்டது என்று பொருள். மென்மையான தூரிகையால் தேய்த்து எடுத்து, அளவைக் குறையுங்கள். அழுத்தநீர்க் குழாயால் அடித்தால் நல்ல மரமும் சேர்ந்து போகும். நீச்சல்குளத்துக்கு விற்கும் ட்ரைகுளோர் வில்லைகள் அமிலத்தன்மை கூடியவை, மெல்லக் கரைபவை. கிடந்த இடத்தில் மரத்தை அரிக்கும், வேண்டாம். குளோரின் தூளையும் புரோமின் தூளையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் மருந்து அதிகம் என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அதன் பொருள் நேர்மாறானது: வேலை செய்யும் குளோரின் தீர்ந்து, வியர்வையோடு சேர்ந்த கழிவு மிஞ்சியிருக்கிறது.

ஜப்பானில் உடலைத் தனியே கழுவிய பிறகே தொட்டியில் இறங்குகிறார்கள். அந்த ஒழுங்கை உங்கள் வீட்டிலும் வையுங்கள். குறிப்பாக, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை இந்தத் தொட்டியில் முடிக்க எண்ண வேண்டாம். நல்லெண்ணெய் வடிகட்டியில் படியும், மருந்தை விழுங்கும், நீர் கலங்கும். சீயக்காயோ சவர்க்காரமோ போட்டு எண்ணெயைக் குளியலறையில் நன்றாகப் போக்கிவிட்டு வந்து உட்காருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, வீட்டில் ஆள் அதிகமென்றால் அதற்கும் முன்பாக, நீர் முழுவதையும் மாற்றி, மரம் காயுமுன் மறுபடி நிரப்புங்கள்.

வெப்பம் பெரும்பாலும் மேற்புறம் வழியாகத்தான் போகிறது, எனவே தடித்த காப்பு மூடிக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். ஒன்ராறியோவில் 2023 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை மிகக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் தரும் திட்டம் இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் ஹீற்றரை அந்த நேரத்துக்கு அமைத்துக்கொள்ளலாம். ஆனால் பகல் முழுவதும் பம்பை நிறுத்திவிடக் கூடாது. உறைகுளிரில் நீர் ஓடாத குழாய்தான் முதலில் வெடிக்கும். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின்இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்காயிற்று. அப்படி நேர்ந்தால் மூடியைத் திறக்காதீர்கள். தொட்டி நீர் ஆற நேரமெடுக்கும். பம்பும் மெல்லிய குழாயும் உள்ள பெட்டிக்குத்தான் அவசரம். அவற்றிலுள்ள நீரை வடிப்பது எப்படி என்பதைப் பொருத்துகிறவர் போகுமுன் கேட்டு, செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கைவிளக்கோடு தொட்டியைச் சுற்றி வாருங்கள். எப்போதும் நீருக்குள் இருக்கும் மரம் உக்குவது அரிது. நனைந்தும் காய்ந்தும் மாறுகிற இடங்களில்தான் கேடு தொடங்கும்: மேல்விளிம்பு, வளையத்தின் அடி, பக்கப் பலகையின் கீழ்நுனி, தாங்குசட்டம். கறுத்து மென்மையாகத் தெரிந்தால் கத்திநுனியால் மெல்லக் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். ஒரு பலகையை மட்டும் மாற்ற முடிவது மரத்தொட்டியின் பெரிய நன்மை. இப்படிப் பார்த்துக்கொண்டால் நல்ல சீடார் தொட்டி பதினைந்து இருபது ஆண்டு உழைக்கும்.

உடல்நலம் பற்றி இன்னும் சில சொற்கள். நீர் 40 பாகையைத் தாண்டக் கூடாது, ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் போதும். மது அருந்திவிட்டு இறங்க வேண்டாம். நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் சுடுநீரிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். இதயநோய் உள்ளவரும் கர்ப்பிணிகளும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

தொட்டி 4 அடி ஆழம். எட்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு அருகில் உள்ள படியே ஏணி. மூடிக்கான பூட்டைத் தொட்டியோடு சேர்த்தே வாங்குங்கள், முதல் நாள் நீர் நிரப்பும்போதே பூட்டுங்கள், திறப்பைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.